கலப்பையின் முன் குழந்தை

1

கிரேக்க வீரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் இடறுவது சொல்லில்தான். 'ஹீரோஸ்' என்ற அவர்களுடைய சொல்லுக்கு நாம் வீரன் என்கிறோம், நாயகன் என்கிறோம், காவியத்தலைவன் என்கிறோம். மூன்றும் பாதி சரி. வழிபாட்டுத் தளத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் வேறு. அவன் செத்துப்போனவன், செத்த பிறகும் தன் சமாதியிலிருந்து ஊருக்கு நன்மையோ தீமையோ செய்யக்கூடியவன், ஆகவே பலி கொடுத்துச் சமாதானப்படுத்தி வைக்கவேண்டியவன். நடுகல்லுக்குப் படையல் வைத்ததைப் பாட்டிலும் கல்லிலும் அறிந்த நமக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. சங்கப் பாடல்களையும் கிரேக்க வீரகாவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஒப்புமைக்குள் நான் இப்போது இறங்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரு விஷயம்தான்: அவன் நல்லவனாக இருந்தானா என்ற கேள்வி இந்த வழிபாட்டில் எழவே இல்லை.

உதாரணமாக, அஸ்டிபலேயா தீவைச் சேர்ந்த கிளியோமிடிஸ் என்ற குத்துச்சண்டைக்காரன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றுவிட்டான். நடுவர்கள் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். அந்தத் துக்கத்தில் புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கூரையைத் தாங்கிய தூணைச் சாய்த்தான். உள்ளே இருந்த குழந்தைகள் சுமார் 60 பேர். ஊரார் கல்லெடுத்து அடிக்க, அதீனா கோயிலில் இருந்த ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒருவழியாகப் பலகைகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை. உயிரோடும் இல்லை, பிணமாகவும் இல்லை. டெல்ஃபிக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வீரர்களில் கடைசி வீரன் அவன், இனி அவன் மனிதன் அல்லன், பலியிட்டு வணங்குங்கள் என்று பதில் வந்தது. வணங்கினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து எழுதிய பௌசேனியஸ் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவர் எழுத்தில் கிடைத்தது ஒரு எண்ணிக்கை மட்டும்.

வீரன் என்பவன் அளவு மீறியவன். அளவு மீறியதற்கு முன்னால் மனிதன் நடுங்குகிறான். நடுக்கத்துக்கு ஒரு கோயில் கட்டுகிறான். இதில் ஒழுக்கம் பற்றிய பாசாங்கு எதுவும் இல்லை. பாசாங்கு பின்னால் வந்தது. வந்த இடம், பெரும்பாலும், பள்ளிக்கூடம்.

2

என் அக்காள் மகள் அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அங்கே டிசம்பர் கடைசியில் குளிர்கால விடுமுறை விடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் இரண்டு பக்கத்து விமானப் பயணம், தாத்தா பாட்டி, ஒரு குலதெய்வக் கோயில், ஒரு ஜுரம் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். போன முறை வந்தபோது கூடவே பள்ளிக்கூடத்து வேலைத்தாள் ஒன்றும் வந்திருந்தது: 'கிரேக்க வீரர்கள்'. கட்டம் கட்டமாக இருந்தது. அழைப்பு, புறப்பாடு, உதவி செய்தவர்கள், சோதனைகள், வெற்றி, திரும்பி வருதல். கீழே, ஹெராக்ளிஸிடம் நீ காணும் மூன்று நற்குணங்களை எழுதுக.

இந்தக் கட்டங்களின் பூர்வீகம் தெரிந்ததுதான். ஜோசஃப் கேம்ப்பெல் 1949இல் வெளியிட்ட 'ஆயிரம் முகங்கொண்ட நாயகன்' என்ற நூல், உலகத்து வீரகதைகளையெல்லாம் பிரிவு, தீட்சை, மீட்சி என்ற ஒரே அச்சில் வார்த்தது. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அது உதவியதை அதன் இயக்குநரே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் திரைக்கதை எழுதுபவர்கள் கைக்குப் போய், அங்கிருந்து ஆறாம் வகுப்புக்கு இறங்கியிருக்கிறது. கேம்ப்பெல் படித்த மனிதர்; அவரைக் கட்டமாக்கியதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீரனின் பயணத்தை ஓர் உள்மன வளர்ச்சியாகப் படித்த மாத்திரத்தில், அவன் வழியில் தட்டுப்படும் மற்ற மனிதர்கள் எல்லோரும் அவனுடைய வளர்ச்சிக்கான சாமான்களாகிவிடுகிறார்கள். மனைவியும் சாமான், குழந்தையும் சாமான்.

வேலைத்தாளின் ஓரத்தில் ஹெராக்ளிஸின் கதைச் சுருக்கம் இருந்தது. ஹீராவின் கோபத்தால் பைத்தியம் பிடித்து அவன் தன் குடும்பத்தை 'இழந்தான்', அதற்குப் பிராயச்சித்தமாகப் பன்னிரண்டு வேலைகளைச் செய்தான் என்று. இழந்தான் என்பது கெட்டிக்காரத்தனமான வினைச்சொல். கொன்றவனும் இழக்கிறான்தான். குழந்தைகளிடம் சொல்லக்கூடாது என்ற கருணையில் அந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கலாம். ஆனால் பெண்ணுக்கு அது போதவில்லை. எப்படி இழந்தான் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பசங்க பேர் என்ன, மாமா?" என்றாள்.

இந்தக் கேள்வியை எந்த விமர்சகனும் என்னிடம் கேட்டதில்லை. யூரிப்பிடிஸின் நாடகத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை. மூன்று பையன்கள், அவ்வளவுதான். அப்பலோடோரஸின் பெயரில் வழங்கும் தொகுப்பில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: தெரிமாக்கஸ், கிரியோன்டியாடிஸ், டெய்கோவன். எழுதிக்கொடுத்தேன். அவற்றை எழுத எந்தக் கட்டமும் இல்லாததால் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அந்த ஓரத்திலிருந்து கதைகளைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்னை.

3

மூன்று தகப்பன்களை எடுத்துக்கொள்கிறேன்.

டிராய்க்குப் போகப் படை திரட்டுகிறார்கள். ஒடிஸ்ஸியஸுக்குப் போக மனமில்லை, பிள்ளை கைக்குழந்தை. பைத்தியம்போல் நடிக்கிறான். குதிரையையும் மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுகிறான். பலமிடிஸ் என்பவனுக்குச் சந்தேகம். தொட்டிலிலிருந்து டெலிமாக்கஸைத் தூக்கிவந்து கலப்பைக்கு முன்னால் கிடத்துகிறான். ஒடிஸ்ஸியஸ் ஏரை நிறுத்துகிறான். குட்டு உடைந்துவிடுகிறது. ஹோமரிடம் இந்தக் கதை இல்லை. பின்னால் வந்தவர்கள் சொன்னது. குழந்தையின்மேல் வாளை ஓங்கினான் என்று இன்னொரு பாடமும் உண்டு.

புத்தி சுவாதீனத்துக்கு இதைவிட எளிமையான பரிசோதனையை எந்த வைத்தியனும் கண்டுபிடித்ததில்லை. தன் குழந்தையின்மேல் ஏரை ஓட்ட முடியாதவன் தெளிந்தவன். அதற்கு அவன் பெற்ற பலன், இருபது வருஷம் அந்தக் குழந்தையைப் பார்க்காமல் இருப்பது. பிள்ளைப் பாசம்தான் அவனைப் பிள்ளையிடமிருந்து பிடித்துக்கொண்டு போயிற்று.

எங்கள் தொழிலில் இந்தக் கதைக்கு ஒரு சின்ன, சோப்ளாங்கி வடிவம் உண்டு. வங்கியில் குமாஸ்தா அதிகாரியானால் மாற்றல் வரும். பாஷை தெரியாத ஊர், ஒற்றை அறை, மாதம் ஒருமுறை ரயில். அதற்குப் பயந்து பதவி உயர்வே வேண்டாமென்று இருந்துவிடுகிறவர்கள் பல கிளைகளில் உண்டு. பிழைக்கத் தெரியாதவன் என்று அவர்களைச் சொல்லுவோம். அவர்கள் யாரும் காவியத்தில் வரமாட்டார்கள். ஒடிஸ்ஸியஸின் நடிப்பு பலித்திருந்தால் அவனும் வந்திருக்கமாட்டான்.

இரண்டாவது தகப்பன் அகமெம்னன். ஆலிஸ் துறையில் காற்று சாதகமாக இல்லை. மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தால் கப்பல் நகரும் என்கிறான் குறிசொல்பவன். ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் மேடையேற்றிய நாடகத்தில் கோரஸ் இதை நினைவுகூர்கிறது. அகமெம்னன் பைத்தியக்காரன் இல்லை. இரண்டு பக்கத்தையும் எடைபோடுகிறான்; இரண்டும் பாரமாகவே இருக்கிறது. பிறகு நிர்ப்பந்தத்தின் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுத்துவிடுகிறான். நுகம் என்ற உருவகம் ஈஸ்கிலஸுடையது. ஒருவன் ஏர்க்காலைப் பிடித்தவனாக இருந்து நிறுத்தினான். இன்னொருவன் தானே பூட்டப்பட்ட மாடானேன் என்று சொல்லிக்கொண்டு மேலேறிப் போனான். மாட்டுக்குப் பொறுப்பு கிடையாது.

கீர்க்ககார்ட் 1843இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' நூலில் இந்த அகமெம்னனைத் துன்பியல் வீரனுக்கு மாதிரியாக நிறுத்துகிறார். மகனைப் பலியிடப் போன ஆபிரகாமை யாராலும் புரிந்துகொள்ள முடியாது. அகமெம்னனையோ எல்லோராலும் புரிந்துகொள்ள முடியும், தேசமே அவனோடு சேர்ந்து அழும், அவன் ஒழுக்கத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறான் என்பது வாதம். ஆபிரகாமைப் பற்றி அவர் சொல்வதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் 'எல்லோரும்' என்பதில் யார் யார் அடக்கம்? ஈஸ்கிலஸ் இந்த இடத்தில் தத்துவவாதியைவிடக் கூர்மையாக இருக்கிறார். பலிபீடத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்ட பெண்ணின் வாயைக் கட்டிவிடுகிறார்கள். அவள் வாயிலிருந்து வரும் சாபம் வம்சத்துக்கு ஆகாது. அவளுக்கு மிஞ்சுவது கண்கள். கொல்ல நிற்கும் ஒவ்வொருவரையும் அவள் பார்க்கிறாள். தேசம் சேர்ந்து அழுவதற்கு முதல் ஏற்பாடு ஒருத்தியின் வாயைக் கட்டுவது. அதன் பிறகு எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

மூன்றாவது ஹெராக்ளிஸ். வேலைத்தாளில் இருந்தது பரவலாக வழங்கும் வரிசை: முதலில் கொலை, பிறகு பிராயச்சித்தம். இந்த வரிசையில் ஒரு நிம்மதி இருக்கிறது; கணக்கு நேராகிவிடும். யூரிப்பிடிஸ் அதைத் தலைகீழாக்குகிறார். பன்னிரண்டு வேலைகளும் முடிந்துவிட்டன. பாதாளத்து நாயைக்கூடப் பிடித்தாயிற்று. வீட்டுக்கு வருகிறான். வந்த நேரத்தில் மனைவி மெகாராவையும் பையன்களையும் ஒரு கொடுங்கோலன் கொல்ல இருக்கிறான், காப்பாற்றுகிறான். பையன்கள் ஆடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். கப்பல் தன் பின்னால் சிறு படகுகளை இழுத்துப்போவதுபோல அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறான். உள்ளேதான் பைத்தியம் பிடிக்கிறது. எதற்குமான தண்டனை இல்லை இது; எந்த வேலையாலும் இனி இதைக் கழிக்க முடியாது, ஏனென்றால் வேலைகள் தீர்ந்துவிட்டன.

அந்தப் பைத்தியத்தில் ஒரு நுணுக்கம். தன் வீட்டில் இருப்பதாக அவன் நினைக்கவில்லை. மைசீனிக்குப் போய்விட்டதாகவும், தன்னை ஏவிவந்த யூரிஸ்தியஸின் பிள்ளைகளைக் கொல்வதாகவும் நினைத்துக்கொண்டுதான் வில்லை வளைக்கிறான். அதாவது ஹீரா அனுப்பிய பைத்தியம் அவன் கைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. விலாசத்தை மட்டும் மாற்றிவிட்டது. எதிரியின் பிள்ளைகளாகவே அவர்கள் இருந்திருந்தால் அந்த மாலை ஒரு பதின்மூன்றாவது வேலையாக எழுதப்பட்டிருக்கும்.

4

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு சுலபமான முடிவுக்கு வரலாம். வீரம் வெளியே இருப்பது, ஒழுக்கம் வீட்டுக்குள் இருப்பது. ஏரை நிறுத்தியவன் நல்லவன், நிறுத்தாதவன் கெட்டவன். நம்முடைய குடும்பப் பத்திரிகைக் கதைகள் பலகாலமாகச் சொல்லிவரும் முடிவுதான் இது. எனக்கு இது போதாது என்று படுகிறது. போதாது என்பதற்குச் சாட்சி ஒடிஸ்ஸியஸேதான்.

'ஒடிஸ்ஸி' 24 பகுதிகள் கொண்டது. 13ஆம் பகுதியிலேயே அவன் இத்தாக்கா மண்ணில் இறங்கிவிடுகிறான். வேலைத்தாளின் கடைசிக் கட்டமான 'திரும்பி வருதல்' ஹோமருக்குப் பாதிப் புத்தகம். வந்து சேர்வது வேறு, வீட்டில் இருக்கத் தெரிவது வேறு என்பதில் ஹோமருக்குச் சந்தேகமில்லை. கிழட்டு நாய் ஆர்கஸ் அடையாளம் கண்டு வாலை ஆட்டிவிட்டுச் சாகிறது. வேஷம் கலையக்கூடாது என்று கண்ணீரை மறைத்துக்கொண்டு தாண்டிப்போகிறான். எதிரிகள் எல்லோரும் ஒழிந்த பிறகு, ஒளிய எந்தக் காரணமும் இல்லாதபோது, தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் தகப்பன் லேயர்ட்டிஸிடமும் பொய்ப் பெயர் சொல்கிறான். கிழவர் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழும்வரை அந்தப் பொய் நீடிக்கிறது. இருபது வருஷத்துப் பழக்கம். கை அதன் வேலையைச் செய்துவிடுகிறது. பிறகுதான் அடையாளம் சொல்கிறான்: சிறுவயதில் பின்னாலேயே ஓடிவந்தபோது அப்பா தனக்கென்று கொடுத்த மரங்கள், பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, திராட்சை வரிசை 50. நாளெல்லாம் எண்ணிக்கை எழுதிப் பிழைப்பவன் நான். எண்களை வைத்து ஒருவன் தன்னை மகனாக்கிக்கொள்ளும் இன்னொரு இடம் எனக்குத் தெரிந்து இலக்கியத்தில் இல்லை.

அப்படியும் அவன் வீடு தங்கப்போவதில்லை. மனைவியோடு சேர்ந்த முதல் இரவிலேயே, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கடலையே அறியாத மனிதர்கள் அதைத் தூற்றுமுறம் என்று சொல்லும் தேசம்வரை நடக்கவேண்டும் என்ற டைரீசியஸின் வாக்கைப் பெனலோப்பியிடம் சொல்லிவிடுகிறான். திரும்பிவந்தது நிஜம்தான், ஆனால் புறப்படும் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. டிசம்பரில் வந்து ஜனவரியில் போகிறவர்கள் உள்ள வீடுகளுக்கு இது விளக்கவேண்டிய விஷயமில்லை.

இந்த ஒடிஸ்ஸியஸை நேசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இதே ஆள்தான், டிராய் விழுந்தபோது, ஹெக்டரின் மகன் அஸ்டியானக்ஸைக் கொன்றவன். காவியத் தொடரின் தொலைந்துபோன ஒரு பகுதிக்குக் கிடைத்திருக்கும் சுருக்கம் அப்படிச் சொல்கிறது. நியோப்டலமஸ் அவனைக் கோட்டையிலிருந்து எறிந்தான் என்று இன்னொரு பாடம். கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் 'டிராய் நாட்டுப் பெண்க'ளில், எறிந்துவிடத்தான் வேண்டும் என்று சபையில் பேசி ஜெயித்தவன் ஒடிஸ்ஸியஸ் என்று வைத்தார். தகப்பனின் தலைக்கவசத்தில் ஆடிய குதிரைமயிரைப் பார்த்துப் பயந்து அழுத குழந்தை அது; ஹெக்டர் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அவனை எடுத்துக் கொஞ்சியது 'இலியட்'டின் ஆறாம் பகுதியில் இருக்கிறது.

கலப்பையை நிறுத்திய கைதான். அது பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. தன் மகன் தன்னைப் பழிவாங்கக்கூடியவனின் மகனால் நாளைக்குச் சாகக்கூடாது என்பதுதான் அஸ்டியானக்ஸைக் கொல்வதற்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம். அதுவும் பிள்ளைப் பாசம்தான். எனவே வீட்டையும் போர்க்களத்தையும் எதிரெதிராக நிறுத்துவது பயனற்றது. போர்க்களத்துக்கு வேண்டிய நியாயங்கள் வீட்டில்தான் சமைக்கப்படுகின்றன. ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டில் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து, ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறவள் தாய். பாட்டின் அழகு நம்மை அந்தப் பையனின் வயதைக் கேட்கவிடுவதில்லை.

செத்த பிறகு அக்கிலீஸும் இதைத்தான் செய்கிறான். பாதாளத்தில் ஒடிஸ்ஸியஸிடம், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட நிலமில்லாத ஒருவனிடம் கூலியாளாக இருக்கலாம் என்கிறான். வீரத்தின்மேல் வீரனே வைத்த குற்றச்சாட்டு என்று இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். யாரும் அடுத்த பகுதியைச் சொல்வதில்லை. உடனே அவன் மகன் நியோப்டலமஸைப் பற்றிக் கேட்கிறான். யுத்தத்தில் எத்தனைபேரைச் சாய்த்தான் என்று கேள்விப்பட்டதும் பெரிய அடியெடுத்து வைத்துச் சந்தோஷமாக நடந்துபோகிறான். தனக்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டதை மகனுக்கு வேண்டுமென்று நினைப்பது தகப்பன் சுபாவம்போலும். ஒரு பாடத்தில் அஸ்டியானக்ஸை எறிகிறவன் அந்த மகன்தான்.

ஆக, தன் குழந்தைக்காக ஏரை நிறுத்துவது ஒழுக்கத்தின் ஆரம்பம்கூட இல்லை. அது பிராணிக்கும் உள்ளது. வேறொருவன் குழந்தைக்காக நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. வீரகதைகளில் அதற்குப் பதில் உண்டா?

5

நேராக இல்லை. ஒரு இடத்தில், கோணலாக, உண்டு.

ஹெராக்ளிஸின் முதல் வேலை நெமியாவின் சிங்கத்தைக் கொன்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதே பள்ளத்தாக்கில் இன்னொரு கதை உண்டு. அது எந்த வேலைத்தாளிலும் ஏறாது. அந்த ஊர் அரசனின் குழந்தை ஒஃபெல்டிஸ். நடக்க ஆரம்பிக்கும் முன் தரையில் விடக்கூடாது என்று வாக்கு. தாதி ஹிப்ஸிபைலி, ஒரு காலத்தில் லெம்னோஸின் அரசி, இப்போது விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. தீப்ஸ் நகரத்தை அழிக்கப் போய்க்கொண்டிருந்த ஏழு வீரர்களின் படை அந்தப் பக்கம் வந்து அவளிடம் தண்ணீர் கேட்கிறது. சுனையைக் காட்டப் போகும்போது குழந்தையைச் செலரிச் செடிகளின்மேல் கிடத்திவிட்டுப் போகிறாள். பாம்பு கொன்றுவிடுகிறது.

ஒருவரும் கொல்ல நினைக்கவில்லை. வீரர்களுக்குத் தாகம், அவ்வளவே. வீரர்கள் ஒரு வழியாகப் போனால் அங்கே ஒரு குழந்தை தரையில் கிடக்க நேர்கிறது என்பதற்குமேல் இந்தக் கதை எதையும் சொல்லவில்லை. ஆனால் படை நின்றது. அந்தக் குழந்தை அவர்களில் எவனுக்கும் சொந்தமில்லை. அடக்கம் செய்து, ஈமப் போட்டிகள் நடத்தி, 'விதியின் தொடக்கம்' என்ற பொருளில் ஆர்கெமோரஸ் என்று அவனுக்கு இன்னொரு பெயரும் வைத்துவிட்டு, பிறகு தீப்ஸுக்குப் போய் அழிந்தார்கள். நின்றதனால் அவர்கள் நல்லவர்களாகிவிடவில்லை. நின்றார்கள் என்பது மட்டும் மறக்கப்படவில்லை.

நெமியப் போட்டிகள் என்று கி.மு. ஆறாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்தவை இந்தச் சாவிலிருந்து பிறந்ததாகத்தான் கிரேக்கர்கள் சொன்னார்கள். வென்றவனுக்குச் செலரித் தழையில் கிரீடம். நடுவர்கள் துக்கத்துக்காகக் கறுப்பு உடுத்தினார்கள். 1970களில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து ஸ்டீஃபன் மில்லர் அங்கே அகழத் தொடங்கினார். ஒஃபெல்டிஸின் வழிபாட்டு இடம் என்று கருதப்படும் அடைப்பும் வெளிப்பட்டது. 1996இலிருந்து அந்த மைதானத்தில் சாதாரண ஜனங்கள் வெறுங்காலோடு ஓடும் போட்டி நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதிலும் நடுவர்களுக்குக் கறுப்பு உடைதான்.

வழிபாட்டுக் கணக்கில் ஒஃபெல்டிஸும் ஒரு ஹீரோ. கிளியோமிடிஸுக்குக் கொடுத்த அதே சொல். இவன் எங்கும் புறப்படவில்லை, எதையும் ஜெயிக்கவில்லை, நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அறுபது குழந்தைகளைக் கொன்றவனையும், யாருடைய வழியிலோ கிடந்து செத்த ஒரு குழந்தையையும் ஒரே சொல்லால் அழைத்த ஜனங்கள் ஒழுக்கத்தில் குழப்பமானவர்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய உருவங்களின்மேல் அவர்களுக்கு இருந்த பயம் நிஜமானது. அந்த உருவங்கள் கடந்துபோன பாதையில் என்ன கிடந்தது என்று குனிந்து பார்த்ததும் நிஜம். நாம் முதலாவதை வைத்துக்கொண்டு, அதிலிருந்து பயத்தை எடுத்துவிட்டு, மூன்று நற்குணங்களாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். இரண்டாவதை விட்டுவிட்டோம்.

பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கதைகளைச் சொல்லத்தான் வேண்டும், சிங்கத்தையும் சொல்லவேண்டும். நெமியாவுக்கு வரும்போது இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்லலாம். அந்த மைதானத்தில் ஓடிய ஒவ்வொருவனும், ஜெயித்தாலும் தோற்றாலும், கறுப்பு உடுத்தியவர்களின் முன்னால்தான் ஓடினான் என்பதையும்.